படப்பெருக்கியும் வீட்டு இருட்டறையும்

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. அடுக்களைக்குச் சொன்ன இப்பழமொழி புகைப்படக் கலைக்கும் முற்றும் பொருந்தும் என்பதை இரண்டாண்டுகளாக இருட்டறையில் நின்று நான் பட்டறிந்தேன். அப்பட்டறிவை மன்றத்து நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கையில் உள்ள தொலைபேசியே படம் பிடிக்கும் இந்நாளில், நெகடிவ், இருட்டறை, படப்பெருக்கி என்று பேசுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் சித்தூர் வட்டத்துச் சிற்றூர்களிலும் வாழும் நம்மவர் வீடுகளை எண்ணிப் பாருங்கள். மறைந்த தாத்தாவின் படம் மாலையோடு சுவரில் தொங்கும். அப்படத்தை ஆக்கியது ஒரு படப்பெருக்கி. அதற்கு மூலமான நெகடிவ் எங்கோ ஒரு தகரப் பெட்டியில் கிடக்கும். ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படும்போது பெருக்கி பழைய இரும்பாகவும் நெகடிவ் குப்பையாகவும் போகின்றன. அவற்றைக் காக்க விரும்புவோர் முதலில் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்க வேண்டும்.

என் ஆச்சி திருநெல்வேலிச் சீமையிலிருந்து தேயிலை மலைக்குப் பிழைக்க வந்தவர். அவருக்குத் தனிப் படம் ஒன்றும் கிடையாது. தோட்டத்துத் தொழிலாளர் இருபது பேர் சேர்ந்து நிற்கும் ஒரே ஒரு நெகடிவில், நடு வரிசையில் அவர் முகம் இருந்தது. எல்லைப் பகுதியில் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவின் முதியவர் அதை என்னிடம் கொடுத்தார். நெகடிவில் ஆச்சியின் முகம் 2 மில்லிமீட்டர் அகலம். அதைப் பெரிதாக்கப் புறப்பட்டதுதான் என் கல்வியின் தொடக்கம்.

பெருக்கி வந்த வரலாறு

1841-இல் இங்கிலாந்தில் டால்பட் என்பார் நெகடிவிலிருந்து படம் எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அந்நாளில் நெகடிவைத் தாளின்மேல் ஒட்ட வைத்து வெயிலில் காட்டுவார்கள். ஆகவே நெகடிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே. 1857-இல் அமெரிக்காவில் உட்வர்டு என்பார் சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி, வில்லை வழியே செலுத்திப் படத்தைப் பெரிதாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் உணர்திறன் மிகுந்த தாள்கள் தோன்றவே, விளக்கொளியே போதுமானதாயிற்று. 1925-இல் லைக்கா என்னும் சிறு காமிரா விற்பனைக்கு வந்தது. அதன் நெகடிவ் 24க்கு 36 மில்லிமீட்டர். பெருக்காமல் பார்க்கவே இயலாது. அதன்பின் பெருக்கி இல்லாத ஸ்டுடியோ இல்லை என்றாயிற்று.

நமக்கு அண்டையிலேயே இக்கலைக்கு ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் தாளும் விற்றது. 2014-இல் அதை மூட மைய அரசு முடிவு செய்தது. இன்று கருப்பு-வெள்ளைத் தாள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது, விலையும் மிகுதி. ஒரு தாளும் வீணாகாமல் வேலை செய்யவேண்டியது அதனாலேயே.

பெருக்கியின் உறுப்புகள்

அமைப்பு எளியது. மேலே ஒரு விளக்கு. அதன் கீழ் ஒளியைச் சீராக்கும் கண்ணாடி. அதன் கீழ் நெகடிவைப் பிடிக்கும் சட்டம். அதன் கீழ் வில்லை. இவை அடங்கிய தலைப்பகுதி ஒரு தூணில் ஏறி இறங்கும். கீழே அடிப்பலகை, அதன்மேல் தாள். தலைகீழாக நிறுத்திய காமிரா என்று சொன்னாலும் பிழையில்லை.

இங்கு ஓர் உண்மையை மனத்தில் இருத்த வேண்டும். பெருக்கி படத்தில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. நெகடிவில் உள்ளதைக் கெடாமல் தாளுக்குக் கொண்டு சேர்ப்பது மட்டுமே அதன் பணி. ஆகவே ஒரு பெருக்கியைப் பார்க்கும்போது ‘எத்தனை மடங்கு பெரிதாக்கும்?’ என்று கேளாமல், ‘எங்கெங்கே கெடுக்கும்?’ என்று கேட்கவேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, நெகடிவின் அளவு. நான் செய்த பெரும் பிழை இதில்தான். கோவையில் ஒரு பழைய பொருள் கடையில் பளபளவென்றிருந்த பெருக்கி ஒன்றை மலிவாக வாங்கி, பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் அது 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு மட்டும் உரியது. ஆச்சி இருந்த நெகடிவோ 6க்கு 9 சென்டிமீட்டர். சட்டத்துள் நுழையவே இல்லை. ஸ்டுடியோ முதியவர் சிரித்துவிட்டு, “தம்பி, காலை அளந்துட்டுல்ல செருப்பு வாங்கணும்?” என்றார், பின்னர்த் தம் பழைய பெரிய பெருக்கியையே எனக்குக் கொடுத்தார். ஆகவே உங்களிடம் இருக்கும் நெகடிவில் மிகப் பெரியது எதுவோ அதற்கேற்ற பெருக்கியையே வாங்குங்கள். பெரியதில் சிறிய நெகடிவையும் இடலாம். சிறியதில் பெரியதை இட இயலாது.

இரண்டாவது, வில்லை. நெகடிவின் மூலைவிட்ட நீளத்தை ஒட்டியதாக வில்லையின் குவியத் தொலைவு இருக்கவேண்டும். 35 மில்லிமீட்டர் பிலிமுக்கு 50 மில்லிமீட்டர் வில்லை, 6க்கு 6-க்கு 75 அல்லது 80, 6க்கு 9-க்கு 105 என்பது வழக்கம். குறைவானதை மாட்டினால் படத்தின் மூலைகள் இருண்டும் மங்கியும் போகும். எல்-நிக்கார், காம்போனான், ரோடகான் முதலியவை பெயர் பெற்ற வில்லைகள். ஆயினும் பெயரைக் கண்டு மயங்கலாகாது. வில்லையை விளக்கின் முன் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல்போல் கிளைத்திருந்தால் அது பூஞ்சை. மூணாற்று மழையிலும் பாலக்காட்டு இடவப்பாதியிலும் பூட்டிய பெட்டிக்குள் கிடந்த வில்லைகளுக்கு இந்நோய் சாதாரணம். பூஞ்சை பிடித்த பெரும் பெயரைவிடத் தெளிந்த எளிய வில்லையே மேல். வாங்கிய பின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

மூன்றாவது, உறுதி. தலைப்பகுதியை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். அது ஆடி அடங்க நேரம் எடுத்தால், வெளியே ஒரு ஜீப் போகும்போதும் ஆடும், படம் கலங்கும். தூணின் உச்சியை ஒரு கம்பியால் சுவரோடு பிணைத்தால் இக்குறை பெரும்பாலும் தீரும்.

நான்காவது, இணைமை. நெகடிவ், வில்லை, தாள் ஆகிய மூன்று தளங்களும் ஒன்றற்கொன்று இணையாக இருக்கவேண்டும். இதைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று போதும். அடிப்பலகை, நெகடிவ் சட்டம், வில்லைப் பலகை மூன்றிலும் இரு திசைகளிலும் வைத்துப் பாருங்கள். பிறகு நெகடிவ் இல்லாமலே சட்டத்தின் திறப்பைப் பலகைமேல் விழச்செய்து, எதிர்ப் பக்கங்களை அளவுகோலால் அளந்து பாருங்கள். இடப்பக்கம் 20 சென்டிமீட்டரும் வலப்பக்கம் 20.4-ம் இருந்தால் தலை சாய்ந்திருக்கிறது. என் முதல் ஆறு தாள்களில் ஒரு பக்கத்தார் முகமெல்லாம் தெளிவாகவும் மறு பக்கத்தார் முகமெல்லாம் மங்கலாகவும் இருந்ததற்குக் காரணம் இதுவே. நான் வில்லையைப் பழித்துக்கொண்டிருந்தேன். குற்றமோ ஒரு தளர்ந்த திருகாணியினுடையது.

ஐந்தாவது, ஒளி. கண்டென்சர் எனப்படும் குவிவு வில்லைகள் வழியே ஒளியைச் செலுத்துவது ஒரு வகை. பால் கண்ணாடியால் சிதறச் செய்வது மற்றொரு வகை. முன்னதில் படம் துலக்கமாக வரும்; ஆனால் நெகடிவில் உள்ள ஒவ்வொரு கீறலும் தூசியும் பளிச்சென்று தெரியும். பின்னதில் படம் சற்று மென்மையாக வரும்; கீறல்கள் ஓரளவு மறையும். நாற்பது ஐம்பது ஆண்டுகள் தகரப் பெட்டியில் உரசிக் கிடந்த குடும்ப நெகடிவ்களுக்குப் பின்னதே நல்லது. என்னிடம் உள்ளது கண்டென்சர் வகையாதலால், அதன்மேல் ஒரு பால் கண்ணாடித் துண்டை வைத்துச் சமாளிக்கிறேன்.

நெகடிவ் சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடி இல்லாத சட்டத்தில் பெரிய நெகடிவ் விளக்கின் சூட்டால் நடுவில் வளைந்துவிடும். நாம் கூர்மை சரிசெய்த பிறகு வளைந்தால் படம் கெட்டது. இரு கண்ணாடிகளுக்கு இடையில் வைத்தால் வளையாது. ஆனால் பிலிமும் கண்ணாடியும் அரைகுறையாகத் தொடுமிடத்தில் வண்ண வளையங்கள் தோன்றும். இயற்பியல் வகுப்பில் நாம் படித்த நியூட்டன் வளையங்களே இவை! ஆய்வுக்கூடத்தில் வரமாட்டேன் என்று அடம் பிடிப்பவை இங்கே அழையாமல் வந்து நிற்கும். பிலிமின் பளபளப்பான மேற்பக்கம் தொடும் கண்ணாடிக்கு மட்டும் நுண்ணிய சொரசொரப்புள்ள கண்ணாடியை இடுவது தீர்வாகும்.

சிறிது கணக்கு

பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிக் குவியத் தொலைவால் பெருக்கினால், வில்லையிலிருந்து தாள் வரையுள்ள தொலைவு கிடைக்கும். இதே ‘ஒன்று கூட்டிய பெருக்க’த்தின் இருபடிக்கு ஏற்ப ஒளிபடும் நேரமும் கூடும். 50 மில்லிமீட்டர் வில்லைக்கு நான் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் கணக்கு வருமாறு:

4 மடங்கு: தொலைவு 25 செ.மீ.; நேரம் 1 பங்கு
6 மடங்கு: தொலைவு 35 செ.மீ.; நேரம் ஏறத்தாழ 2 பங்கு
8 மடங்கு: தொலைவு 45 செ.மீ.; நேரம் ஏறத்தாழ 3¼ பங்கு
10 மடங்கு: தொலைவு 55 செ.மீ.; நேரம் ஏறத்தாழ 4¾ பங்கு

4 மடங்கில் 10 நொடி போதுமானால், 8 மடங்கில் 32 நொடி வேண்டும். பெருக்கத்தை மாற்றும்போதெல்லாம் புதிதாகத் தாளை வெட்டிச் சோதிக்காமல் இக்கணக்கைத் தொடக்கமாகக் கொண்டால் தாள் மிச்சம். இதே கணக்கால் தூணின் உயரம் போதுமா என்பதையும் வாங்கும் முன்னரே அறியலாம்.

இருட்டறை அமைத்தல்

தனி அறை வேண்டும் என்பதில்லை. கொழிஞ்சாம்பாறையில் என் மாமா வீட்டுக் குளியலறையே எனக்கு இருட்டறை. விடுமுறையில் மலைக்குப் போனால், லயத்து வீட்டின் அடுக்களையை இரவு உணவு முடிந்தபின் அம்மா எனக்கு விட்டுக்கொடுப்பார். சன்னலுக்குக் கருந்துணி, கதவிடுக்குக்குப் பழைய போர்வை. எல்லாம் அடைத்தபின் பத்து நிமிடம் உள்ளே அமர்ந்திருங்கள். கண் பழகிய பிறகும் கையில் உள்ள வெள்ளைத்தாள் தெரியவில்லையானால் அறை தயார்.

அறையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் உலர்ந்தது: பெருக்கி, தாள், நெகடிவ். மறு பக்கம் ஈரமானது: மருந்துத் தட்டுகள். ஈரக்கையோடு பெருக்கியின் சுவிட்சைத் தொடவே கூடாது. இது படத்துக்கு மட்டுமன்று, உயிருக்கும் நல்லது. உண்ணும் பாத்திரங்களை மருந்துக்குப் பயன்படுத்தக் கூடாது. டெவலப்பரில் உள்ள மெட்டால் சிலருக்குத் தோலில் தடிப்பு உண்டாக்கும். ஆகவே இடுக்கியோ கையுறையோ வேண்டும்.

சிவப்பு விளக்கு உண்மையிலேயே தாளைக் கெடுக்காததா என்று சோதியுங்கள். தாளுக்கு மெல்லிய சாம்பல் நிறம் வருமளவு சிறிது ஒளி கொடுத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்து, சிவப்பு விளக்கின் கீழ் ஐந்து நிமிடம் விட்டுப் பின் டெவலப் செய்யுங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் அவ்விளக்கு ஆகாது.

படம் எடுக்கும் முறை

நெகடிவின் மங்கலான பக்கம் வில்லையை நோக்கிக் கீழே இருக்கும்படி சட்டத்தில் வைத்து, தூசியைத் தூரிகையால் நீக்குங்கள். துளையை முழுவதும் திறந்து கூர்மையைச் சரிசெய்த பிறகு, இரண்டு படி குறையுங்கள்; எஃப் 4.5 வில்லையானால் எஃப் 8-க்கும் 11-க்கும் இடையே. அங்குதான் பெரும்பாலான வில்லைகள் சிறப்பாக வேலை செய்யும்.

அடுத்துச் சோதனைத் துண்டு. தாளில் ஒரு விரற்கடை அகலத் துண்டை முகம் விழும் இடத்தில் வையுங்கள். முழுவதற்கும் 4 நொடி கொடுங்கள். கால் பாகத்தை அட்டையால் மூடி மேலும் 4 நொடி. அரைப் பாகத்தை மூடி 8 நொடி. முக்கால் பாகத்தை மூடி 16 நொடி. இப்போது ஒரே துண்டில் 4, 8, 16, 32 நொடிகளின் விளைவைக் காணலாம். ஈரத்தில் சரியாகத் தெரியும் படம் உலர்ந்தபின் சற்றுக் கறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்னர் டெவலப்பர், மென் அசெட்டிக் அமிலம், ஹைப்போ, நீர் என்ற வரிசை. பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளுக்கு டெவலப்பரில் ஒன்று முதல் ஒன்றரை நிமிடமும், சில நிமிடக் கழுவலும் போதும். வெறுந்தாளானால் அரை மணிக்குக் குறையாமல் கழுவவேண்டும். ஹைப்போ மிஞ்சிய படம் நாளடைவில் பழுத்துவிடும். அவசரத்தில் கழுவிய படத்தைச் சுவரில் மாட்டுவது ஆச்சிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நம் ஊர்களில் வரும் இடையூறுகள்

மேலைநாட்டு நூல்கள் எல்லாம் மருந்து 20 பாகை வெப்பத்தில் இருக்கட்டும் என்கின்றன. பாலக்காட்டுக் கணவாயிலோ பங்குனியில் வெயில் 40 பாகையைத் தொடும். மூணாற்றில் தை மாத இரவில் நீர் உறைநிலையை நெருங்கும். வெப்பம் மிகுந்தால் படம் விரைந்து கறுத்து, தாளின் ஊன்பசைப் பூச்சும் இளகும். குளிர் மிகுந்தால் டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுவினோன் ஏறக்குறைய உறங்கிவிடும். படம் சோகை பிடித்தாற்போல் வெளிறும். தீர்வு ஒன்றுதான்: மருந்துத் தட்டைப் பெரியதொரு நீர்த்தட்டில் வைப்பது. கொழிஞ்சாம்பாறையில் அதில் மண்பானைத் தண்ணீர்; மலையில் வெந்நீர். வெப்பமானி கட்டாயம் வேண்டும்.

மற்றோர் இடையூறு மின்னழுத்தம். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 படிக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் 207-ஆகக் குறைந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளியில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு போய்விடும். மாலை ஏழு மணிக்குச் சரியாக வந்த நேரம் எட்டு மணிக்குத் தவறியது ஏன் என்று நான் ஒரு வாரம் மருந்தைச் சந்தேகித்தேன். ஸ்டெபிலைசர் வைத்தபின் அச்சந்தேகம் ஒழிந்தது. நல்ல எல்.இ.டி. விளக்கில் இத்தொல்லை குறைவு. ஆனால் ஒளி சீராகப் பரவுகிறதா என்று பார்க்கவேண்டும். வடிகட்டியால் ஒளிநிழல் வேறுபாட்டை மாற்றும் தாள்களில் அதன் விளைவையும் தனியே சோதிக்கவேண்டும்.

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும். அதை ஓடையில் ஊற்றலாகாது. இரும்பு நார் இட்ட வாளியில் ஊற்றிச் சில நாள் வைத்தால், இரும்பு கரைந்து வெள்ளி படியும். கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே. அவற்றுள் பவானி பாலக்காட்டு மாவட்டத்தையும் பாம்பாறு இடுக்கி மாவட்டத்தையும் கடந்து தமிழ்நாட்டுக்குள் புகுகின்றன. நாம் இங்கே கொட்டுவதை அங்கே நம் உறவினரே குடிப்பர்.

ஆச்சியின் படம்

ஆச்சி முகத்தை 3 சென்டிமீட்டர் ஆக்க வேண்டுமானால் 15 மடங்கு பெருக்கவேண்டும். 105 மில்லிமீட்டர் வில்லைக்கு அத்தொலைவு 168 சென்டிமீட்டர். என் தூண் அவ்வளவு உயரமில்லை. நெகடிவின் நடுச் சிறு பகுதி மட்டும் போதுமாதலால், 50 மில்லிமீட்டர் வில்லையை மாட்டி 80 சென்டிமீட்டரில் முடித்தேன். நள்ளிரவு கடந்து படம் வந்தது. வெறும் மணல் கொட்டியதுபோல் வெள்ளித் துகள்கள். கண்ணிருந்த இடத்தில் இரு கரும்புள்ளிகள். நெகடிவில் இல்லாத முகத்தை நான் கேட்டிருக்கிறேன்!

தலையை இறக்கி 7 மடங்கில் மற்றொன்று எடுத்தேன். முகம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் தலையில் போட்ட சாக்கும், முதுகுக் கூடையும், ஒரு தோளைச் சற்று உயர்த்தி நிற்கும் நிலையும், அருகில் நின்ற பெண்ணின் கையைப் பற்றியிருப்பதும் தெரிந்தன. காலையில் இரண்டையும் அம்மாவிடம் நீட்டினேன். பெரியதைப் பார்த்து, “யாருடா இது?” என்றார். சிறியதைப் பார்த்துச் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இது போதும். இதையே மாட்டு” என்றார்.

அச்சிறு படத்தில் இரண்டு படிகள் எடுத்தேன். ஒன்று மலையில் இருக்கிறது. மற்றொன்று சமவெளியில் மாமா வீட்டில். 2020 ஆகஸ்டு 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி, எழுபது பேரைப் பலிகொண்டதை நாம் மறக்கவில்லை. வீடே மண்ணுக்குள் போகும்போது சுவரில் இருந்த படம் மட்டும் எவ்வாறு மிஞ்சும்? ஆகவே எந்தப் படத்தையும் ஒரே இடத்தில் ஒரே படியாக வைக்காதீர்கள்.

நண்பர்களே! இவ்விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியையும், ஊரில் மூடிக்கிடக்கும் ஸ்டுடியோவையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். நெகடிவ் கிடைத்தால் தூசி துடைத்து, தாளுறையில் இட்டு, பெயர் எழுதி வையுங்கள். பெருக்கி கிடைத்தால் மேலே கூறிய ஐந்தையும் சோதித்துப் பாருங்கள். மிகப் பெரிதாக்க ஆசைப்படவேண்டாம். உள்ளது உள்ளபடி வரும் அளவே நல்ல அளவு.